உன் மகளின் இடது கண்

பிரபு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். சில நாட்களாக நான் கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை, கோகிலா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. பணம் மட்டும் ஒழுங்காக வந்துவிட்டது. மஸ்கட்டில் வேலை அதிகமோ, கம்பெனிக்காரன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டானோ, மகன் சாப்பிட்டானோ இல்லையோ என்று உன் அம்மா பொம்மிடியில் உட்கார்ந்துகொண்டு ஏதேதோ யோசிக்கிறாள். எனக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. நீ பயந்து போயிருக்கிறாய். பயத்தை உன் அப்பனுக்கு அடையாளம் தெரியாதா என்ன? அதனால்தான் சேலத்தில் இந்தக் கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். இதைப் பாதியில் வைத்தாலும் மீதி உன் கையிலேயே கிடக்கும்.

இந்த நிமிஷம் உன் மகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறாள். இடது கண். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் வந்து, "கோகிலா பேபி யாருங்க?" என்று கேட்டாள். இன்னும் பேர் வைக்காததால் இங்கே அவளுக்கு அதுதான் பேர். பச்சைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனாள். ஒரு தேங்காயைத் துணியில் சுற்றி எடுத்துப் போகிற மாதிரி இருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. எழுதினால் கண் காகிதத்தில் இருக்குமே என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேனா வாங்கினேன். கோகிலா எதிர் பெஞ்சில், பிள்ளை சுற்றியிருந்த பழைய துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் பயம் உனக்குப் புதிது இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் பஸ் ஓட்டியவன் நான். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். டிப்போவில் எனக்கு "பிரேக்கு மாமா" என்று பேர். உனக்குக் காய்ச்சல் வந்து ரத்தம் எடுத்தபோது, ஊசியைப் பார்த்து நான் விழுந்துவிட, உன்னை இறக்கிவிட்டு அந்தக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். நீ காய்ச்சலோடு சிரித்தாய். உன் அம்மா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அந்த ரத்தம்தான் உனக்குள்ளும் ஓடுகிறது. அதற்காக, உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை என்று நினைத்துவிடாதே. நான் பயந்தேன், ஆனால் பஸ்ஸை நடு இறக்கத்தில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடியது கிடையாது.

உனக்கு எல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும், அதையும் அழுகைக்கு நடுவே கேட்டிருப்பாய். கோர்வையாகச் சொல்கிறேன். ஏழாம் மாசத்தில் வலி எடுத்து, தருமபுரி ஆஸ்பத்திரியில் பிறந்தவள் உன் மகள். ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூக்கில் ஆக்சிஜன் கொடுத்து அந்த நர்சுகள் காப்பாற்றித் தந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸ் கோகிலாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள்: "இது மாசம் நெறையாத புள்ளம்மா. கண்ணு உள்ளாற பாக்கணும். பொறந்து ஒரு மாசம் முடியறதுக்குள்ள ஒரு புதன்கெழம தூக்கியாந்துரு. கண்ணு டாக்டரு அன்னிக்குத்தான் வருவாரு. மறந்துராத சாமி." கோகிலா மறக்கவில்லை. மறக்க வைத்தது நாம்தான்.

முப்பது நாள் தீட்டு கழிந்து தலைக்கு ஊற்றுகிறவரை பிள்ளை வாசற்படி தாண்டாது என்றாள் உன் அம்மா. அதுவும் பெட்டியில் கிடந்து வந்த பிள்ளை, காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, சூட்டுக்கு ஒரு குண்டு பல்பைப் போட்டு வைத்தாள். நீ வீடியோவில் பார்த்தாய். பிள்ளை கண்ணைத் திறந்து அந்தப் பல்பைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. "கண்ணுதான் நல்லா தொறந்து பாக்குதே. இந்த வெயில்ல பஸ்சுல தூக்கிக்கிட்டு அலையாதீங்க, எதாச்சும் தொத்திக்கும். நான் லீவுல வந்து கார் வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று நீ சொன்னாய். நானும் தலையாட்டினேன். மூன்று பேருமே அவள்மேல் இருந்த பாசத்தில் சொன்னதுதான். கோகிலா மட்டும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், "நாளைக்குப் புதன்கெழமைங்க அத்த" என்று சொல்வாள். உன் அம்மா, "ஆமா, புதன்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அப்படியே சில புதன்கள் போய்விட்டன.

ஒரு புதன்கிழமை காலையில் நான் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டு வருகிறேன், கோகிலா பிள்ளையை மாரோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள். உள்ளே உன் அம்மா கத்துகிறாள். நான் போய் வழியில் நின்றேன். உனக்குத் தெரியும், கல்யாணமாகி ஏரியூரிலிருந்து வந்த நாள் முதல் அந்தப் பெண் என் முகம் பார்த்துப் பேசியதில்லை. காப்பி கொண்டு வந்தால்கூடத் தள்ளி வைத்துவிட்டு, "மாமாவுக்குக் காப்பி வெச்சிருக்கறனுங்க அத்த" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். மாமனார் மருமகள் என்றால் நம் பக்கம் அப்படித்தான், நானும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. அன்றைக்கு அவள் நேராக என்னைப் பார்த்தாள். "மாமா, ஒண்ணு கூட வாங்க. இல்லாட்டி வழிய வுடுங்க," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். காலில் ஒரு செருப்பு என்னுடையது, இன்னொன்று உன் அம்மாவுடையது என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்.

தருமபுரியில் கண்ணில் சொட்டு மருந்தை விட்டு விட்டுக் காத்திருக்க வைத்தார்கள். அப்புறம் ஒரு சின்னக் கம்பியால் இமையை விரித்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு டாக்டர் குனிந்தார். பிள்ளை போட்ட கூச்சலில் நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். கோகிலா உள்ளேயே நின்றாள். பார்த்து முடித்துவிட்டு, "ஏம்மா இத்தன நாளு வரல?" என்று டாக்டர் கேட்டார். என் காதிலும் விழுந்தது. கோகிலா உன் அம்மாவின் பேரைச் சொல்வாள், உன் பேரைச் சொல்வாள், என் பேரைச் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். "தெரியாமப் போயிருச்சுங்க சார்," என்றாள். அவ்வளவுதான். இன்றைக்கே சேலம் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்றார் அவர். அங்கிருந்தே பஸ் ஏறினோம். தொப்பூர் இறக்கத்தில் அந்த டிரைவர் பிரேக் போட்டுப் போட்டுப் போனான். இவன் ஏன் இப்படி உருட்டுகிறான் என்று வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு எரிச்சல் வந்தது.

இங்கே இருக்கிற டாக்டரம்மா காகிதத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்கள். "கண்ணுக்குப் பின்னாடி ஒரு திரை இருக்குங்க. அதுக்கு ரத்தம் கொண்டு போற குழாய் நடுவுல தொடங்கி ஓரம் வரைக்கும் வளரணும். வயித்துல முழு மாசம் இருந்தாத்தான் ஓரத்தத் தொடும். இந்தப் பாப்பா முன்னாடியே வந்துட்டா. குழாய் பாதி வழியில நின்னுபோச்சு. நின்ன எடத்துல இப்ப தப்பும் தவறுமா புதுக் குழாய் மொளைக்குது. அதுக்குப் பலம் இருக்காது. கசியும், அப்புறம் நார் மாதிரி இறுகித் திரையைப் புடிச்சு இழுக்கும். முழுசா இழுத்துட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." ரத்தம் போய்ச் சேராத ஓரத்தை லேசரில் சுட்டுவிட்டால் அந்தப் புதுக் குழாய் சுருங்கிவிடும் என்றார்கள். ஓரத்தை விட்டுக்கொடுத்து நடுவைக் காப்பாற்றுகிறோம், பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் குறையலாம் என்றார்கள். நான் டிரைவர் இல்லையா, பக்கக் கண்ணாடி இல்லாத வண்டியை எப்படி ஓட்டுவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.  கோகிலா, "நடு போதுங்க டாக்டர்," என்றாள்.

இரண்டு கண்ணுக்கும் லேசர் வைத்தார்கள். அதற்கப்புறம் வாராவாரம் பொம்மிடியில் ரயிலேறி வந்து காட்டினோம். வலது கண்ணில் அந்தக் கெட்ட குழாய்கள் வாடிவிட்டன. இடது கண்ணில் அடங்கவில்லை. போன தடவை பார்த்துவிட்டு, திரை ஒரு பக்கம் தூக்க ஆரம்பித்துவிட்டது, உள்ளே போய் அந்த நாரை வெட்டிவிட வேண்டும் என்றார்கள். அதை உனக்குப் போனில் சொன்னபோது, "அன்னிக்கே போயிருந்தா?" என்று மட்டும் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அதோடு சரி, அப்புறம் நீ போனை எடுக்கவில்லை.

உன் கேள்வியை நான் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர்கள் மழுப்பவில்லை. "முன்னாடியே வந்திருந்தா எங்களுக்கு வசதியா இருந்திருக்கும். ஆனா நேரத்துக்கு வந்த சில கண்ணும் இப்படித்தான் போகுது. உங்க பாப்பாவுக்கு எதுனாலன்னு என்னால சொல்ல முடியாதுங்க," என்றார்கள். இதுதான் பதில் பிரபு. உன்னால்தான் என்று சொல்ல யாராலும் முடியாது, உன்னால் இல்லை என்றும் சொல்ல முடியாது. உனக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு, எவ்வளவு என்று தெரியாமலே அதைச் சுமக்க வேண்டியதுதான். இதை நீ அந்த ஊரில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து சுமக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கண்ணைவிட எனக்கு மயக்க மருந்தை நினைத்தால்தான் பயம். இத்தனூண்டு உயிருக்கு மயக்கம் கொடுத்தால் மூச்சு விட மறந்துவிடலாமாம், அதனால் முடிந்த பிறகும் மெஷின் மாட்டிப் பார்ப்பார்களாம். கையெழுத்துப் போடச் சொல்லும்போதே இதையெல்லாம் சொன்னார்கள். நான் பேனாவை வாங்கவே இல்லை. கோகிலா போட்டாள். காலையிலிருந்து பால் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். பசி எடுத்து, தாயின் வாசம் பட்டு, அது வாயைத் திருப்பித் திருப்பித் தேடியது. கோகிலாவின் சேலை நனைந்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்கிட்டக் குடு கண்ணு," என்று கை நீட்டினேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராண்டாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டேன். அவள் கண்ணில் படாத இடத்தில் நின்று, உன் மகளிடம் என்னென்னவோ உளறினேன். பஸ் போகிற ஊர்களின் பேரை வரிசையாகச் சொன்னேன். பாப்பாரப்பட்டி, பென்னாகரம், ஏரியூர், நாகமரை. அழுகை கொஞ்சம் நின்றது. உன்னைவிடப் பரவாயில்லை, நீ பஸ் என்றாலே வாந்தி எடுப்பாய்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். நீ வந்து பிள்ளையைப் பார்க்கும்போது, அதன் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டாதே. நம் ஊரில் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். சொடக்குப் போடுகிறார்கள், சாவியை ஆட்டுகிறார்கள், "பாக்குதா? தோ பாக்குதே! இல்ல, பாக்கல" என்று கோகிலாவின் எதிரிலேயே தீர்ப்புச் சொல்கிறார்கள். உன் பெரியப்பா செல்போன் டார்ச்சையே அடித்தார். அவரை நான் பேசிய பேச்சில் இன்னும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. டாக்டர் பார்க்க வேண்டியதை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீ முதலில் தூக்கு. கழுத்து இன்னும் நிற்கவில்லை, கையைக் கொடுத்துத் தூக்கு. போனில் அந்த வியாதியின் பேரைப் போட்டு வீடியோ பார்ப்பதையும் நிறுத்து. நீ பார்த்துக்கொண்டுதான் இருப்பாய், எனக்குத் தெரியும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தியிருந்தேன். ஒன்று நடந்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். நீ போனை எடுக்காத இந்த நாட்களில் நான் கோகிலாவிடம் ஒரு நாடகம் ஆடிக்கொண்டிருந்தேன். அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாம்ப்பா... தூங்கறா... கோகிலா சாப்புட்டா... நீ ஒண்ணும் வெசனப்படாத" என்று வெறும் போனில் பேசுவேன். அப்புறம் அவளிடம் வந்து, பிரபு கூப்பிட்டான், நீ பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாய், அதனால் வைத்துவிட்டான் என்பேன். இப்போதும், அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "காலைல பிரபு கூப்புட்டாம்மா, தைரியமா இருக்கச் சொன்னான்," என்று சொல்லி வைத்தேன். அவள் எழுந்து வந்து என் பெஞ்சிலேயே, கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, முந்தாநேத்து நீங்க அவருகூடப் பேசிக்கிட்டு இருக்கறப்பவே உங்க போனு அடிச்சுதுங்க," என்றாள். "அத்ததான் கூப்புட்டாங்க. நீங்க கட் பண்ணிப்போட்டு மறுபடியும் பேசுனீங்க."

 என்னம்மா பண்றது, அவன் பயந்துட்டான் என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கும்தானுங்க மாமா பயமா இருக்குது," என்றாள். "நான் எங்கீங்க போறது?"

திட்டவில்லை, அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள்.  அந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்தால் சொல்.

அவள் கேட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியை இறக்கினார்கள். நாரை வெட்டி விட்டாயிற்று, திரையை அது இனி இழுக்காது, படிந்து உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். "மூச்சு?" என்றுதான் நான் கேட்டேன். மூச்சு நன்றாக இருக்கிறது என்றார்கள். அதற்கப்புறம் நான் எழுதவில்லை. 

இது மறுநாள். காலையில் கட்டைப் பிரித்தார்கள். நான் இந்தத் தடவை வெளியே ஓடவில்லை, கதவோரத்தில் நின்றுகொண்டேன். கண் ரத்தமாய்ச் சிவந்து, இமை வீங்கி, குருவிக் குஞ்சு போல இருந்தாள். டாக்டரம்மா வெகு நேரம் பார்த்தார்கள். இப்போதைக்குத் திரை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்றார்கள். அந்த "இப்போதைக்கு" என்ற வார்த்தையைத்தான் நான் காலையிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் பார்க்க வேண்டும், அதற்கடுத்த வாரமும் பார்க்க வேண்டும். கண்ணாடி போட வேண்டியிருக்கும். வளர வளரப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியுமா, ஆள் தெரியுமா, எழுத்து தெரியுமா என்று அவள் வளர்ந்து சொன்னால்தான் உண்டு. அவள் பள்ளிக்கூடம் போகும்போது நான் இருப்பேனா, ரோட்டைத் தாண்டும்போது பக்கத்தில் வருகிற வண்டி அவளுக்குத் தெரியுமா, யாராவது அவளைக் கேலி பண்ணுவார்களா என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது.

ஆகவே, பயப்படாதே என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் அது இன்னொரு வெறும் போன் பேச்சுதான். பயம் கொஞ்சம் குறையட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருக்காதே. குறையாது. அது இருக்கிறபடியே இருக்கட்டும், நீ லீவு கேட்டுக் கிளம்பு. கோகிலாவிடம் வந்து என்ன சொல்வது என்று யோசிக்காதே, அவள் ஒன்றும் கேட்கப் போவதில்லை. டாக்டரிடம் யார் பேரையும் சொல்லாதவள், உன்னிடமா சொல்லிக்காட்டப் போகிறாள்?

இன்னும் சில நாள் இங்கேதான் இருப்போம். கேட்டில் செக்யூரிட்டி கறாரான ஆள். தாயைத் தவிர இன்னொருத்தருக்குத்தான் உள்ளே அனுமதி, அதற்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருக்கிறார்கள். இப்போது என் கழுத்தில் தொங்குகிறது. நீ வந்து கேட்டில் நின்று ஒரு போன் போடு. நான் வெளியே வந்து இதைக் கழற்றி உன் கழுத்தில் மாட்டிவிடுகிறேன்.

அப்பா